இஞ்சி கொஞ்சம் தூக்கலாக

வெள்ளரிக்காயின் நுனியை நறுக்கிக் கசப்பு பார்க்காமல் சாறு எடுக்கக் கூடாது. இதை இந்தக் குடியிருப்பில் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அதனால்தான் கோடை வந்தால் எல்லோருக்கும் என் பால்கனி தேவைப்பட்டது. வெள்ளரிச் சாறு, எலுமிச்சை, கசக்கிய புதினா, கொஞ்சம் ஜின், மேலே சோடா. கிளாஸ் வியர்த்து நிற்கும்.

எதிர்வீட்டுக்காரி, உங்கள் டிப்போவின் பஸ் ஓட்டுநர், குடித்தாளா என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். விஷயம் தெரிந்தவள் நான் இருக்க, நீங்கள் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் கேட்டு அரைகுறையாக எழுதிக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உட்காருங்கள்.

ஒன்பது கோடை அவள் என் பால்கனியில் உட்கார்ந்து குடித்தாள். புருஷன் பிரிந்து போனதைப் பெற்ற தாய்க்கு முன்னால் எனக்குத்தான் சொன்னாள். அதை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவள் ஊரெல்லாம் சொன்னதற்கு நான் பொறுப்பாக முடியாது. போன வருஷம் எதிர்வீட்டுக்காரி குடியை விட்டாள். அப்பாவோடு இருந்த மகள் அதைக் கேள்விப்பட்டுத் திரும்பி வந்தாள். நானும் மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஜின் இல்லாமல், அந்தச் சுருக்கென்ற காரத்துக்கு இஞ்சியைத் தூக்கலாகப் போட்டு அவளுக்கென்று தனியாகக் கலந்தேன். ஆனாலும் வரத்து குறைந்தது. ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் மகளுக்குப் பரீட்சை.

எங்கள் சமையலறை ஜன்னல்கள் எதிரும் புதிருமாக இருப்பவை. நான் ஒட்டுக்கேட்பவள் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு மூச்சு விடாமல் நின்றால் தானாகக் காதில் விழும். போனில் தங்கையிடம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"குடிய விட்டப்புறம்தான்டி தெரியுது. எதிர்வீட்டு அக்கா பேச்சைத் தாங்கணும்னா ரெண்டு கிளாஸாவது உள்ள போயிருக்கணும். ஒன்பது வருஷம் எப்படித்தான் உக்காந்திருந்தேனோ."

எனக்குக் கோபம் வரவில்லை. ரசம் கொதித்துக்கொண்டிருந்தால் வழிந்திருக்கும், அவ்வளவு நேரம் நின்றேன். குறை என்னவென்று அவளே சொல்லிவிட்டாள். அதை நிவர்த்தி செய்தேன்.

நாலு மணிக்கு அவளுக்கு வேலை. மூன்று மணிக்குக் கிளாஸோடு போவேன். சீருடையில் வாசலிலேயே நின்று குடிப்பாள். முதல் நாள் ஒரு தேக்கரண்டி ஜின். பிறகு இரண்டு. இஞ்சிக் காரத்தில் எதுவும் தெரியாது. பத்தே நாளில் அவளே என் கதவைத் தட்டினாள். "என்னக்கா போடறீங்க இதுல? இதக் குடிச்சாத்தான் மனசு லேசாகுது," என்றாள். பழையபடி சிரித்தோம்.

பஸ்ஸில் இருந்தவர்களை நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். நினைத்தேன். என் கை அளவு தப்பாது.

பிறகுதான் உங்கள் ஆட்கள் அவளை ஊதச் சொன்னார்கள். சத்தியமாகத் தொடவில்லை என்று அவள் அழுததை நீங்கள் நம்பவில்லை. மகளும் நம்பவில்லை. "மறுபடியுமாம்மா?" என்று ஒரே வார்த்தை, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் தாய்க்காரி என் சோபாவில் சுருண்டு கிடந்து கேட்டாள்:

"எனக்கே தெரியாம நான் குடிக்கிறேனாக்கா?"

"இருக்கலாம்மா. பழக்கம் லேசுல விடாது," என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தேன். விடியும் வரை கைவிரலைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுப்பதானால் கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பாவம், நம்பி வந்து உட்கார அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.