இரண்டடி பின்னால்

ஒரு சங்கிலி இறுக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தே, இறுக்கியவன் அன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தானா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன். கோபக்காரன் முதல் சங்கிலியை முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டு, கடைசிச் சங்கிலியைத் தொளதொளவென்று விட்டுவிடுவான். கனரக இயந்திரங்களை டிரெய்லரில் ஏற்றிக் கட்டி அனுப்புவது இருபத்திரண்டு வருடமாக என் வேலை என்பதால் இதெல்லாம் தானாக வந்துவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை.

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையின் நகலைப் படித்தேன். என் தங்கையின் கணவர் இறந்த அந்த விபத்தில் நான்கு சங்கிலிகளும் அறுபடவில்லை, கொக்கி உடையவில்லை, டயர் வெடிக்கவில்லை, பிரேக்கில் கோளாறு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சரி. கடைசியில் 'ஓட்டுநரின் அதிவேகமே காரணம்' என்று முடித்திருக்கிறீர்கள். அது சரியில்லை. அவர் அறுபதைத் தாண்டவில்லை. பின்னாலேயே பாதுகாப்பு வண்டியில் போனவன் நான். எழுதிவைத்த ஒன்றில் தப்பு இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதித் தருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். லாரிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லருக்குச் சக்கரங்கள் நடுவில் இருக்கும். பூங்காவில் குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். சுமையில் பாதிக்குமேல் சக்கரங்களுக்கு முன்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் டிரெய்லரின் மூக்கு கொக்கியை அழுத்திப் பிடித்துக்கொண்டு லாரி போகிற வழியில் வரும். சுமை பின்னால் போய்விட்டால் மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் வேகம் கூடியதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அதற்குப் பிறகு லாரியை டிரெய்லர்தான் ஓட்டும். இதற்கு எதுவும் உடைய வேண்டியதில்லை. உங்கள் பொறியாளர் சங்கிலிகளை எண்ணினார், சுமை நின்ற இடத்தை அளக்கவில்லை.

மாப்பிள்ளை நல்ல மனிதர். என் தங்கையை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் சுமை விஷயத்தில் யார் பேச்சும் அவர் காதில் ஏறாது. எட்டு டன் தாங்கும் டிரெய்லரில் பத்து டன் ரோடு ரோலரை ஏற்றுவார். மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு ஜெனரேட்டரையும் வைப்பார். நான் அளவு நாடாவை எடுத்தால் போதும், "என்ன மச்சான், எனக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்பார். பணிமனை முழுக்கச் சிரிக்கும். எனக்கு 'இஞ்ச் டேப்' என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். நாளடைவில் முதலாளியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

நான் வேண்டாம் என்று தடுத்த சுமைகளில் முப்பத்தொன்றை அவர் எடுத்துப் போனார். முப்பத்தொன்றும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் சொன்னதில் கடுகளவு பிழை கிடையாது. ஆனாலும் முப்பத்தொரு முறை எல்லார் முன்னாலும் முட்டாளாக நின்றேன். அவர் திரும்பி வந்து லாரியிலிருந்து குதிக்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். முதல் சில முறை அது உண்மையான நிம்மதி. பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறது, சரிசெய்ய வேண்டும் என்றேன்.

"ஆரம்பிச்சுட்டாரு" என்றார் மாப்பிள்ளை.

"விடுங்க. எங்க அண்ணன் பொறந்ததுமே 'பாத்து, பாத்து'ன்னுதான் அழுதாராம்" என்றாள் தங்கை, பரிமாறிக்கொண்டே. என் விரலைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவள் அவள். நானும் சிரித்தேன். கோபம் வரவில்லை. இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றுதான் முடிவு செய்தேன். அவர் ஒருமுறை நன்றாகப் பயந்தால்தான் அவருக்கும் மற்றவர்களுக்கும் உறைக்கும். பயம் மட்டும்தான். வண்டி ஆட வேண்டும், அவர் ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து, நான் சொன்னதே சரி என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் நான் எதுவும் நினைக்கவில்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. மேட்டில் இருக்கும் கல்குவாரியிலிருந்து ஒரு ரோடு ரோலரைக் கீழே பாலம் வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குவாரி மூடி ஒரு மாதம் ஆகியிருந்ததால் அங்கே வேறு ஆள் கிடையாது. ரோலரை நானே ஓட்டி டிரெய்லரில் ஏற்றினேன். சுமை நிற்க வேண்டிய குறியில் சரியாக நிறுத்தினேன். பிறகு இரண்டடி பின்னால் எடுத்தேன். இரண்டடி என்பது ஒரு கைவைத்த நாற்காலியின் அகலம், கண்ணுக்கு உறுத்தாது. மற்றபடி அன்றைக்குப் போல ஒரு சுமையை நான் வாழ்நாளில் கட்டியதில்லை. ஒவ்வொரு சங்கிலியையும் இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சமதரையில் நாற்பதில் போனோம். டிரெய்லர் சாதுவாக வந்தது. எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது, இரண்டடி போதவில்லையோ என்று. இறக்கம் தொடங்கி இரண்டாவது வளைவு தாண்டியதும் டிரெய்லரின் வால் லேசாக அசைந்தது. நாய் தன் ஆளைப் பார்த்ததும் ஆட்டுமே, அவ்வளவுதான். பக்கத்து இருக்கையில் கிடந்த வாக்கிடாக்கி பேசியது.

"மச்சான், பின்னாடி ஆடுற மாதிரி இருக்கே. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. ரோடு மோசம். நீங்க போங்க."

டிரெய்லர் எதிர்ப்பக்கத்துக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மறுமுறை கோட்டைத் தாண்டியது.

"மச்சான், நல்லாவே ஆடுது. பிரேக் போடட்டா?"

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பதினான்கு ஓட்டுநர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிரேக்கைத் தொடக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையக் காத்திருக்க வேண்டும். பிரேக் போட்டால் லாரி நிற்கும், டிரெய்லர் நிற்காது.

"போடுங்க" என்றேன்.

டிரெய்லர் சுழன்று வந்து லாரியின் பக்கவாட்டில் இடித்தது. இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி மடங்கி, சாலையோரச் சுவரை உடைத்துக்கொண்டு சரிவில் இறங்கின. வாக்கிடாக்கி அணையவில்லை. அதில் கொஞ்ச நேரம் அவர் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லவில்லை, தங்கையின் பெயரைத்தான் சொன்னார். பிறகு அதுவும் இல்லை. நான் இறங்கிப் போய் முதலில் சங்கிலிகளைப் பார்த்தேன். நான்கும் கட்டியபடியே இருந்தன.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, தங்கை சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அத்தனை தடவை சொன்னியே அண்ணா. நாங்கதான் சிரிச்சோம்" என்றாள். அவள் கையை நானும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அதே சமயம், ஐயா, ஒளிக்காமல் சொல்கிறேன், பல வருடமாக முதுகில் ஏறியிருந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரியும் இருந்தது.

பணிமனையில் இப்போது என் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டுவதில்லை. பட்டப்பெயர் காணாமல் போய்விட்டது. முதலாளி என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசுகிறார். போன மாதம் இரண்டு ஓட்டுநர்கள் அதிகச் சுமையைத் தாங்களாகவே இறக்கிவைத்தார்கள். அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் என்னை வாழ்த்த வேண்டும். ஒரு உயிர் போய்ப் பத்து உயிர் மிஞ்சுகிறது என்றால் அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் இந்த வாக்குமூலத்திலும் தப்பு இருந்துவிடும். அன்று காலை குவாரியில், ரோலரை நான் ஏற்றுவதற்கு முன்னால், மாப்பிள்ளை என்னிடம் வந்து நின்றார். வழக்கமான கேலி இல்லை.

"மச்சான், போன வாரம் இறக்கத்துல பாரம் லாரியத் தள்ளிடுச்சு. முன்னாடி ஒரு பஸ் நின்னுட்டிருந்துச்சு. ஒரு முழம்தான் இடைவெளி. அதுல இருந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல. உங்க தங்கச்சிகிட்டகூடச் சொல்லல. இத்தனை வருஷமா நீங்க சொன்னதுதான் சரி. இன்னைக்கு முதலாளிகிட்ட சண்டை போட்டு பெரிய டிரெய்லரா வாங்கிட்டு வந்திருக்கேன். வேற சாமான் ஒண்ணும் ஏத்தல. நீங்களே ஏத்துங்க. இனிமே நீங்க நிறுத்துற இடம்தான் இடம்."

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். பிறகு சுற்றிலும் பார்த்தேன். குவாரியில் எங்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அவர் சொன்னதை வேறு யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும், ரோலரைக் குறியிலேயே நிறுத்தியிருப்பேன்.