எட்டாம் நம்பர் மலையில் குளவி

— கதிரையில இருங்கோ, தங்கமலர். நீங்கள் நிண்டுகொண்டு சொன்னா எனக்கு எழுத வராது. செத்துப்போன அன்னலட்சுமி உங்கட சொந்த அக்கா, என்ன?

— ஆமாங்க சார். ஒரே வயித்துல பொறந்த அக்கா. எங்க ரெண்டு பேரையும் விட்டா வீட்டுல வேற ஆளு கெடையாதுங்க.

— நான் நவரட்ணராஜா, இந்த நட்டஈட்டுக் கந்தோர் கிளாக்கர். ஆணையாளர் கொழும்பிலயிருந்து மாசத்துக்கு ஒருக்காத்தான் கண்டிக்கு வாறவர். உங்கட விசாரணை பத்தரைக்கு. அதுக்கு முதல் இந்த ஃபைலை நான் சரிபாத்து உள்ள குடுக்கோணும். விளங்குதே?

— வெளங்குதுங்க.

— வெளியில வாங்கில இருக்கிற ரெண்டு பிள்ளையளும் உங்கடயோ?

— என்னோடதுங்க. பெரியவ லக்சிகா, எட்டு வயசு. சின்னவன் பிரதீஸ், மூணு. விடியக்காலம் ஹேவாஹெட்டயில பஸ் ஏறுனோம். சின்னவன் வழி பூரா வாந்தி. தன் சட்டையெல்லாம் நாறுதுன்னு பெரியவ உள்ள வரவே கூச்சப்பட்டா.

— பாவம், இருக்கட்டும். நடந்ததை ஒருக்காச் சொல்லுங்கோ.

— மார்ச் மாசங்க. அக்கா எட்டாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்துச்சு. அங்கன மரத்துல ஒரு குளவிக்கூடு. ரெண்டு வாரமா கங்காணிகிட்ட எல்லாரும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க, யாரும் வந்து கழட்டல. பத்து மணி போல குளவி கெளம்பிருச்சு. மத்தவங்க கூடையப் போட்டுட்டு ஓடிட்டாங்க. இது மட்டும் தண்ணி ஓடுற கானுக்குள்ள வழுக்கி விழுந்துருச்சு. மேல சாக்கப் போட்டு மூடிக்கத் தெரியல. பழக்கமில்லாத ஆளு.

— பழக்கமில்லாத ஆளோ? அன்னலட்சுமி இருபத்தாறு வருசமாக் கொழுந்தெடுத்தவ எண்டெல்லோ இதில கிடக்கு.

— அதாங்க சார்... பயத்துல எல்லாம் மறந்து போயிருக்கும்.

— ம். ஆசுபத்திரியில பிரேதத்தை அடையாளம் காட்டினது ஆர்?

— நாந்தாங்க கையெழுத்து வச்சேன். மூஞ்சி மூஞ்சியாவே இல்ல சார். கண்ணு எங்க, வாயி எங்கனு தெரியல. கங்காணி அதுக்கு முன்னாலயே பேரு குடுத்திட்டாரு.

— இந்தக் காசை ஆர் தாறது எண்டு ஆராவது உங்களுக்குச் சொன்னவையோ?

— கவர்மெண்ட் குடுக்கும்னு கங்காணி சொன்னாரு. பேப்பர் சரியா இருந்தா போதும்னாரு.

— எல்லாரும் அதிலதான் பிழைவிடுறது. கவர்மெண்டிட்ட இதுக்கெண்டு தனிய ஒரு காசுப் பெட்டி இல்லை. வேலைக்கு வைச்சிருக்கிற ஆள்தான் குடுக்கோணும். உங்கட தோட்டக் கம்பனி ஒரு இன்சூரன்ஸில போட்டிருக்கு. செக்ரோலில, அதுதான் தோட்டத்து ஆள்பதிவில, பேர் உள்ள ஆக்களுக்கு மட்டும்தான் போட்டிருக்கு. இன்சூரன்ஸ் குடுத்தாலும் குடுக்காட்டிலும் கம்பனி இஞ்ச கொண்டுவந்து ஆணையாளரிட்டக் கட்டோணும். அவர் செத்த ஆளின்ர உழைப்பில தங்கியிருந்தவைக்குப் பங்கிடுவார். சின்னப் பிள்ளையளின்ர பங்கு பாங்கில கிடக்கும், பதினெட்டு வயது மட்டும் ஒருத்தரும் தொடேலாது. நாங்கள் நடுவில நிக்கிற ஆக்கள், அவ்வளவுதான்.

— புள்ளைங்க பேர்ல கெடந்தா போதுங்க சார். எனக்கு ஒத்த சதம் வேணாம். பெரியவள ஸ்கூல விட்டு நிப்பாட்டக் கூடாது, அது ஒண்ணுதாங்க.

— அதுதான் எனக்கும் கவலை. கம்பனி லோயர் போட்ட மறுமொழி இந்தா கிடக்கு. வாசிக்கட்டே?

— வாசிங்க.

— செத்தவ அன்னலட்சுமி. கலியாணம் கட்டாதவ. பிள்ளை குட்டி இல்லை. தாய் தகப்பன் இல்லை. ஒரு தங்கச்சி, அவ கலியாணம் கட்டினவ. கட்டின தங்கச்சியும் அவவின்ர பிள்ளையளும் சட்டப்படி தங்கியிருந்தவை எண்ட கணக்கில வரமாட்டினம். ஆனபடியால் செத்த வீட்டுச் செலவோட எங்கட பொறுப்பு முடிஞ்சுது. அவ்வளவுதான் உதில கிடக்கு.

— தங்கச்சி புருசன் விட்டுட்டுப் போயி ரெண்டு வருசமாச்சுங்க. அக்கா சம்பளத்துலதானே அந்தப் புள்ளைங்க சாப்பிட்டுச்சு.

— "தங்கச்சி புருசன்" எண்டு சொல்லுறியள். உங்கட புருசன் எண்டெல்லோ சொல்லோணும்?

— வாய் தவறிருச்சுங்க சார்.

— தண்ணி குடிக்கிறியளே? நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உங்கட அடையாள அட்டையில வயது முப்பத்திரண்டு. தலை முழுக்க நரை விழுந்து கிடக்கு.

— மலையில வேல செஞ்சா நரைச்சிருங்க சார்.

— சரி, அதை விடுங்கோ. இது சட்ட வைத்திய அதிகாரியின்ர றிப்போட். மூண்டாம் பக்கம். செத்தவவின்ர அடிவயித்தில பழைய சிசேரியன் தழும்பு இருக்கெண்டு எழுதியிருக்கிறார். பிள்ளை பெறாத அன்னலட்சுமிக்கு அந்தத் தழும்பு எங்கால வந்தது?

— டாக்டரு தப்பா எழுதியிருப்பாருங்க சார்.

— நான் முப்பத்தொரு வருசமா இந்தக் கதிரையில இருக்கிறன், பிள்ளை. கையில்லாதவை, கால் இல்லாதவை, கண் தெரியாதவை எல்லாரும் எனக்கு முன்னால இருந்திட்டுப் போனவை. பொய் சொல்ல வாறவை அழுறேல்லை. நீங்கள் வந்ததிலயிருந்து அழுறியள்.

— நான் அன்னலட்சுமிங்க சார்.

— ம்.

— செத்தது என் தங்கச்சிங்க. தங்கமலரு. அவ பேரச் சொல்லி அழக்கூட முடியாம மூணு மாசமாச்சு.

— மெல்லச் சொல்லுங்கோ. பக்கத்து அறையில கம்பனி லோயர் இருக்கிறார்.

— அவ புருசன் போனப்புறம் ரெண்டு புள்ளையோட என்கிட்டத்தான் வந்தா. தோட்டத்துல புதுசா ஆளு பதியிறதில்ல சார். எனக்கு முட்டிவலி, மலை ஏற முடியாது. நான் மலைக்குப் போகலன்னா பேர வெட்டிருவாங்க, பேரு வெட்டுனா நாங்க குடியிருக்க லயத்துக் காம்பிராவும் போயிரும். அப்பா காலத்துலருந்து இருக்க காம்பிரா. அதனால நான் கட்டுகஸ்தோட்டையில மக்கீன் ஹாஜியார் வீட்டுல சமையலுக்கு நின்னேன். அவ என் பேர்ல கொழுந்துக்குப் போனா.

— கங்காணிக்குத் தெரியுமோ?

— அவருக்குத் தெரியாம காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல நிக்க முடியுமா? மாசம் ஒரு போத்தல் வாங்கிக் குடுப்போம். எங்க லயத்துல பாதி வீடு அப்படித்தாங்க. மாமியா பேர்ல மருமக போவா, அம்மா பேர்ல மக போவா. அன்னைக்கு நான் பஸ்ஸு புடிச்சு ஆசுபத்திரிக்கு வர்றதுக்குள்ள அன்னலட்சுமி செத்துட்டானு எழுதியாச்சு. கங்காணி என்னய வாசல்லயே நிப்பாட்டிட்டாரு. "இப்ப பேர மாத்துன, சல்லியும் இல்ல, காம்பிராவும் இல்ல. நீ தங்கமலரா இருந்துக்க, ஒனக்கு ரெண்டு புள்ள, சல்லி கெடைக்கும்"ன்னாரு. நானும் கையெழுத்து வச்சேன்.

— அவன் தன்னைக் காப்பாத்திக்கொண்டான். இப்ப வடிவாக் கேளுங்கோ. நீங்கள் தங்கமலராப் போய் நிண்டா கம்பனி சொல்லுறதுதான் சரி. செத்தவவுக்குப் பிள்ளையள் இல்லை, காசும் இல்லை. செத்தது தங்கமலர் எண்டு சொன்னா, செத்தது அந்தப் பிள்ளையளைப் பெத்த தாய். முழுப் பங்கும் அதுகளுக்குத்தான். விளங்குதே?

— அவ பேரு செக்ரோல்ல இல்லையே சார்.

— பேர் இல்லாட்டி என்ன? ஆர் வேலை செய்தது, ஆர் வேலை வாங்கினது எண்டதைத்தான் ஆணையாளர் பாப்பார். அவள் பிடுங்கின கொழுந்தை அவங்கள் நிறுத்து எடுத்தவங்கள்தானே. வெல்லும் எண்டு நான் சத்தியம் பண்ணேல்லை. கங்காணி மறுப்பான், லயத்து ஆக்கள் வாய் திறக்க மாட்டினம். ஆனா வழி அதுதான். மற்றதில வழியே இல்லை.

— எனக்கு ஜெயிலுங்களா?

— பொய்ப் பதிவு குடுத்திருக்கிறியள். கேள்வி வரும். காம்பிராவும் போகலாம். நான் ஒளிக்கேல்லை.

— போகட்டும் சார். நான் உசுரோட இருந்துக்கிட்டு என் கருமாதிக்கு நானே சமைச்சேன். அவளுக்கு ஒரு விளக்கு ஏத்தல. உண்மையவே சொல்லிர்றேன்.

— அப்ப ஒண்டு. ஆணையாளர் எப்பவும் பிள்ளையளோட தானே கதைப்பார். மூத்தவளைக் கூப்பிட்டு "அம்மா எங்க" எண்டு கேட்பார். லோயரும் அதைத்தான் பாத்துக்கொண்டு நிப்பார். பிள்ளை என்ன சொல்லும்?

— நான் சொல்லிக் குடுத்தத சொல்லுவா சார்.

— என்ன சொல்லிக் குடுத்தனியள்?

— மொத வாரம் அம்மா எங்க, அம்மா எங்கனு கேட்டுக்கிட்டே இருந்தா. வெளிய கேட்டுருமேனு வாயப் பொத்துனேன். என்னய அம்மானு கூப்பிட்டாத்தான் சோறுன்னேன். ரெண்டு நாளு பட்டினி கெடந்தா, மூணாம் நாளு கூப்பிட்டா. பொறகு தெனமும் சோதிச்சுப் பாப்பேன். "நான் பெரியம்மாதானே கண்ணு"ன்னு பாசமாக் கேப்பேன். ஆமான்னு தலைய ஆட்டுனா அடி. கரண்டியால அடிச்சிருக்கேன் சார். இந்தக் கையாலதான்.

— ஐயோ, பிள்ளை.

— எட்டு வயசு. பெத்தவள மறந்துருக்க மாட்டா. நான் எடுத்துச் சொன்னா சொல்லிருவா. கூப்பிடுங்க சார், நேரமாகுது.

— லக்சிகா, இஞ்ச வாங்கோ. பயப்பிடாதேங்கோ, நான் ஒண்டும் செய்ய மாட்டன். தம்பி நித்திரையோ?

— ஆமா சார். மடியில இருந்தான், வாங்குல படுக்க வச்சிட்டு வந்தேன்.

— கெட்டிக்காரி. உங்கட அம்மா எங்க?

— இந்தா இருக்காங்களே சார்.

— கண்ணு, இங்க பாரு. இனிமே அப்படிச் சொல்ல வேணாம். சார் நல்லவரு. உண்மையச் சொல்லு.

— உண்மையத்தானே சொன்னேன்மா.

— நான் அம்மா இல்லடி. நான் பெரியம்மா. ஒங்கம்மாவத்தான் குளவி கொட்டுச்சு. தங்கமலரு. ஒனக்கு ரெட்டைப் பின்னல் போட்டு விடுவாளே, ஞாபகம் இருக்கா?

— இல்ல. பெரியம்மாவத்தான் குளவி கொட்டுச்சு. பெரியம்மா பேரு அன்னலட்சுமி. எங்கம்மா பேரு தங்கமலரு, இவங்கதான்.

— லக்சிகா, உள்ள ஒரு பெரிய சார் இருக்கிறார். அவருக்கு முன்னால உண்மையைச் சொன்னாத்தான் உங்கட அம்மாவுக்குரிய காசு உங்களுக்குக் கிடைக்கும். ஒருத்தரும் அடிக்க மாட்டினம். நான் சொல்லுறன்.

— நான் உண்மையத்தான் சொல்றேன் சார்.

— கூப்பிடுறாங்க சார், உள்ளருந்து தங்கமலருன்னு கேட்டுச்சு. லக்சி, ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன்டி. இனி அடிக்க மாட்டேன். நான் சொல்லிக் குடுத்தது பூரா பொய்யி. ஒங்கம்மாவுக்காகச் சொல்லு. நான் பெரியம்மாதானே? சொல்லு கண்ணு, நான் பெரியம்மாதானே?

— நான் ஏமாற மாட்டேன்மா. நேத்தும் இப்படித்தானே அழுதுகிட்டே கேட்டீங்க.