பதில் வரும், இறக்கலாம்

மணி மூன்றே முக்கால். ராத்திரி இல்லை... பிற்பகல். பேய்க்கு ராத்திரிதான் டூட்டி என்று உங்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஏரிக்கரைச் சாலை. மழை பிடித்து மூன்றாவது நாள். ஒரு நாய்கூட வெளியே இல்லை. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் கான்கிரீட் சுவர், அதற்கு அப்பால் ஏரி. இந்தப் பக்கம் அறுபது வீடுகள். நடுவில் கையில் சுத்தியலோடு ஒருவர் நடந்து போகிறார். என் சிநேகிதனின் சொந்த மாமா. கதை அவனுடைய அத்தை வாயால் வந்தது, அதனால் கண் காது மூக்கு எதுவும் நான் ஒட்டவில்லை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

மாமா ஃபிட்டர். போன வெள்ளத்தில் அந்தக் குடியிருப்பு கழுத்தளவு முங்கியதால் பழைய கரைச்சுவரை உயர்த்திக் கட்டினார்கள். இடித்துக் கட்டினால் நாள் ஆகும் என்று, பழைய செங்கல் சுவரை உள்ளே விட்டே அதைச் சுற்றிக் கான்கிரீட் போட்டார்கள். சுவருக்கு அடியில் ஆறு வடிகால்கள். குனிந்துதான் போக முடியும். ஏரிப் பக்கம் கம்பி வலை, சாலைப் பக்கம் மேலும் கீழும் ஓடும் இரும்பு ஷட்டர். ஏரி ஏறினால் ஷட்டரை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏரி வீட்டுக்குள் வந்துவிடும்.

அந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வண்டல் வார யாராவது போயிருக்கலாம் இல்லையா? அதனால் இறக்குவதற்கு முன் ஷட்டரைச் சுத்தியலால் மூன்று முறை தட்டுவார்கள். பதில் தட்டு வந்தால், உள்ளே ஆள். இறக்கக் கூடாது.

மாமா தட்டினால் ஊருக்கே தெரியும். தோள் பழுது, மூன்றாவது அடிக்குக் கை தாமதமாகத்தான் எழும். டக்டக்... டக். வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவார். ஆறு வயது மகள் உள்ளேயிருந்தே "அப்பா" என்று ஓடி வருவாள்.

புது ஷட்டரை முதல்முறை சோதித்தபோது மாமா நாலாம் நம்பரைத் தட்டினார். உள்ளேயிருந்து பதில் வந்தது.

டக். டக். டக்.

டார்ச் அடித்துப் பார்த்தார். ஆள் இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாடை. கூட்டாளி ஒருவன் இருந்தான், எப்போதும் கையில் மசகு அப்பியிருப்பதால் 'கிரீஸ்' என்று பெயர். அவன் சிரித்தான். "எதிரொலிண்ணே. உள்ள பழைய சுவர் இருக்குல்ல? இறக்குங்க."

எதிரொலி என்றால் மாமா தட்டியபடியே திரும்பி வந்திருக்க வேண்டும். வந்ததோ ஒரே சீராக மூன்று. அது மாமாவுக்கும் உறைத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நின்று எட்டிப் பார்க்க யாருக்குப் பொழுது இருக்கிறது? ஷட்டருக்கு நம்பர் எழுதிய சிவப்புப் பெயின்ட் மிச்சம் இருந்தது. அதை எடுத்து, மற்றவர்களும் இங்கே நின்று குழம்ப வேண்டாமே என்று, தன் கைப்பட எழுதினார்.

'பதில் வரும். இறக்கலாம்.'

இப்போது மூன்றே முக்காலுக்கு வாருங்கள். நாலாம் ஷட்டர் ஒரு சாண் மீதி வைத்து நின்றுவிட்டது. ஷட்டர் இறங்கும் உள்பக்கப் பள்ளத்தில் பலகை ஒன்று செருகியிருந்தது. கிரீஸ் அப்போதுதான் ஆறாம் நம்பருக்குப் போயிருந்தான். இரண்டு நிமிட வேலை, கூப்பிடுவானேன் என்று மாமா ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே புகுந்தார். பலகை கழன்று உள்ளே நழுவியது. அது திரும்பவும் வந்து சிக்கும் என்று பின்னாலேயே தவழ்ந்தார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த ஷிஃப்ட்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். முறைப்படி மூன்று முறை தட்டினார்கள். மாமா பதறிப்போய்ப் பதிலுக்குத் தட்டினார். டக்டக்... டக்.

வெளியே ஒருவன் வாசிப்பது அவருக்கு நன்றாகவே கேட்டது. "பதில் வரும்... இறக்கலாம். சரி, இறக்குடா."

ஷட்டர் இறங்கியது.

கும்மிருட்டு. கம்பி வலை வழியாக ஏரி உள்ளே வந்துகொண்டிருந்தது. முழங்கால்... இடுப்பு. மாமா சுத்தியலால் அடித்தார், கத்தினார். வெளியே மழை இரைச்சல். அப்புறம்தான் அவருக்கு அது தோன்றியது. கேட்டுவிட்டால்? பதறி ஷட்டரைத் தூக்கிவிட்டால்? ஏரி மொத்தமும் சாலையில் இறங்கும். எதிரே மூன்றாவது வீட்டில்தான் மகள் இருக்கிறாள்.

மாமா சுத்தியலைக் கீழே விட்டுவிட்டார். அந்த இடத்தைச் சொல்லும்போது அத்தை எப்போதும் அழுதுவிடுவாள்.

தண்ணீர் மார்பைத் தொட்டது. தடவிக்கொண்டே பின்னால் போனார். கையில் செங்கல் தட்டுப்பட்டது. பழைய சுவர். அதில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மேடை மாதிரி ஓரிடம், தலைக்கு மேல் கொஞ்சம் காற்று. ஏறப் பார்த்தார். இடம் போதவில்லை.

அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது... கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

கதை கேட்கிறவர்கள் போர்வையை இழுக்காதீர்கள், எனக்கும் குளிருகிறது.

மறுநாள் ஏரி வடிந்ததும் ஷட்டரைத் தூக்கினார்கள். மாமா தானாகவே குனிந்து வெளியே வந்தார். ராத்திரி முழுக்க ஊரெல்லாம் தேடிய கிரீஸ் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். மாமா அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். வீட்டுக்கு நடந்து போய்க் கதவைத் தட்டினார்.

டக். டக். டக்.

மகள் உள்ளேயிருந்து "யாரு?" என்றாள்.

தோள் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று அத்தை நினைத்துக்கொண்டாள். உயிரோடு வந்தாரே, அவளுக்கு அதுவே போதும். உள்ளே நடந்ததையெல்லாம் அவர் ஒன்று விடாமல் சொன்னார். நான் இப்போது உங்களுக்குச் சொன்ன அத்தனையும் அப்படிச் சொன்னதுதான். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் இன்னொரு முறையும் சொன்னார்.

"உள்ள வந்தான்... பாவம், நடுங்கிட்டிருந்தான். நான்தான் தள்ளி உக்காந்தேன்."

அத்தை அதற்கப்புறம் தூங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் மழை. ஏரி ஏறுகிறது என்று சத்தம் கேட்டதும் அத்தை குடையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். நாலாம் ஷட்டரில் கிரீஸ் நின்றிருந்தான். அவன் கையிலிருந்து சுத்தியலை வாங்கினாள். "நான் தட்டுறேன்."

தட்டினாள். சீராக மூன்று. காத்திருந்தாள்.

டக்டக்... டக்.

குனிந்து டார்ச் அடித்தாள். தண்ணீர், வலை, ஒரு பலகை. வேறு யாரும் இல்லை. மறுபடி தட்டினாள். அவசரமாகப் பதில் வந்தது. டக்டக்... டக். டக்டக்... டக்.

"அது எதிரொலிதான்க்கா. எப்பவும் வரும்" என்றான் கிரீஸ். அவன் குரல் சரியில்லை. அவனுக்கும் அந்தத் தட்டல் தெரியும் அல்லவா? "தண்ணி வலையைத் தாண்டிருச்சு. இறக்கட்டுமா?"

பின்னால் அறுபது வீடுகள். மூன்றாவது வீட்டில் மகள். அத்தை இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே சத்தம் நின்றுவிட்டது. சுத்தியலைக் கீழே விட்டுவிட்டார் போலிருக்கிறது.

"இறக்குங்க" என்றாள்.

ஷட்டர் தரையைத் தொட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. மகளை வீட்டில் யாரிடம் விட்டுவிட்டு வந்தோம்?

குடை போன இடம் தெரியவில்லை. ஓடினாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. சன்னல் இருட்டாக இருந்தது. கதவிடுக்கில் ஈரச் சுண்ணாம்பு வாடை. அத்தை இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. கனமான கை.

டக். டக். டக்.

அது முடிந்ததும், அதற்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்னக் கை. அதுவும் ஒரே சீராக.