தலைகீழாகப் பறந்த தேனீக்கள்

என்னை ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லிவிட்டு, நான் முடிக்கமாட்டேன் என்பதையும் அறிந்து தலைமைப் பீடத்தில் புன்னகை பூத்திருக்கும் அருள்தந்தை சாவேரியோ அவர்களே! தேனீ வளர்ப்போர் சங்கத்துப் பெரியோர்களே! பாஸ்கா ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மாவுக் கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! மொந்தேச்செராவின் மக்களே! உங்கள் கோயில் மணியடிப்பவன் பர்த்தொலோமேயோவின் வணக்கம். மணி அடித்தால் முன்வரிசைக்கு ஓடி வருகிறீர்கள். நான் பேசினால் மட்டும் பின்வரிசை தேடுகிறீர்கள்.

நம் கோயிலின் தோல்சுருளுக்கு வயது தொள்ளாயிரம். இயேசு உயிர்த்த பாஸ்கா இரவில், மெழுகுதிரியைப் போற்றும் புகழுரையை வாசிக்க வாசிக்க, அது வாசக மேடையின் விளிம்பைத் தாண்டி மக்கள் பக்கம் இறங்கும். எழுத்தும் ஓவியமும் மாறி மாறி வரும். எழுத்தோ நேர், ஓவியமோ தலைகீழ்!

ஊருக்குப் புதிதாக வந்த நம் சாவேரியோ சாமி போன மாதம் அதை முதன்முதலாக விரித்தார். மெழுகு தந்த தேனீக்களைப் புகழும் இடத்தில் நின்றார். "எந்தக் குடிகாரன்யா இத வரைஞ்சான்? மரமெல்லாம் வேரத் தூக்கிக்கிட்டு நிக்குது. இந்த வருசம் அச்சுப் புத்தகத்துலயே வாசிச்சுக்கிறேன்" என்றார். என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அவரே சிரிக்கிறார்.

அன்று இடி விழுந்தது யார் தலையில்? இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விதாலே அண்ணன் தலையில். நாற்பது தேன்கூடுகளுக்குச் சொந்தக்காரர். பிறவியிலேயே காது கேளாதவர். அவர் மனைவி ஒர்தென்சியா சும்மா இருப்பாரா?

"சாமி, இவரு ஒரு பாட்டு கேட்டதில்ல. ஒங்க பிரசங்கமும் கேட்டதில்ல, அதுல ஒண்ணும் நட்டமில்ல. வருசத்துக்கு ஒருதரம் அந்தச் சுருள் எறங்கும்போதுதான் கோயில் இவருகிட்டப் பேசுது. அதையும் சுருட்டி வச்சிட்டா எப்புடி?"

"ஏம்மா, தலகீழா இருக்குற படத்துல அப்புடி என்னத்தப் பாக்குறாரு?"

விதாலே அண்ணன் மேடையேறினார். சாமியின் அங்கியைப் பிடித்தார். படியிறக்கிக் கீழே கொண்டுபோய்த் தம் பக்கத்தில் நிறுத்தினார். மேலே நின்ற என்னை நோக்கிக் கையசைத்தார். நான் எனக்குத் தெரிந்த இலத்தீனில் வாசித்தேன், சுருள் இறங்கியது. என் வாய் தேனீ என்று சொல்வதற்குள், தேனீக்கள் அவர்கள் கண்முன் வந்து தொங்கின. மரம் நேராக! கூடு நேராக! தேனீக்கள் நேராக! விதாலே அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

சாமி சுருளை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் மேல நின்னு பாத்தேன்ல, அதான் தப்பாப் போச்சு."

எழுத்து யாருக்காக? படிப்பவனுக்காக! ஓவியம் யாருக்காக? கீழே நிற்பவனுக்காக! மேடையில் நிற்பவன் தன்னைக் குடிகாரன் என்று ஏசினாலும் ஏசட்டும், கீழே நிற்பவனுக்கு நேராகத் தெரிந்தால் போதும் என்றல்லவா அந்தக் கலைஞன் வரைந்திருக்கிறான்! இந்தப் பாஸ்காவுக்கும் சுருள் இறங்கும். அறிவித்தவர் சாமியேதான்.

இவ்வளவு நேரம் நான் முழங்கியதில் ஒரு சொல்கூட விதாலே அண்ணனுக்கு எட்டவில்லை. அதனால் என் பேச்சைத் துணியிலும் வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். இதோ, மேடை விளிம்பில் இறக்குகிறேன். தேனீக்கள் கொஞ்சம் கோழி மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாம் தலைகீழாகத்தான் தெரிகிறது. அண்ணன் சிரிப்பதைப் பார்த்தால், அங்கே நேராக இருக்கிறது போலும். கேட்ட காதுகளுக்கு நன்றி. பார்க்கும் கண்களுக்கு என் வணக்கம்.