மெழுகில் குறையில்லை

துப்பாக்கிக் குழலில் ஈயம் ஒட்டினால் எல்லோரும் முதலில் மெழுகைத்தான் திட்டுகிறார்கள். நீங்களும் அப்படித்தான், சார்ஜென்ட் மாடக். தோட்டாவில் பூசக் கடையில் வாங்கும் நீல மெழுகு சரியில்லை, தேன்மெழுகுக்கு மாறலாமா என்று கேட்டீர்கள். என்னைப் பேச வைப்பதற்காகக் கேட்டீர்களா, உண்மையிலேயே உங்கள் துப்பாக்கிக்கு அந்தத் தொல்லை இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் யார் கேட்டாலும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

வீட்டில் ஈயத்தை உருக்கி வார்க்கும் தோட்டா, குழலின் உள்ளளவை விட ஒரு மயிரிழை பருமனாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அதை ஒரு சின்ன எஃகு அச்சுக்குள் தள்ளி அளவாக்குகிறோம், அப்போதே அதன் வரிப்பள்ளங்களில் மெழுகையும் ஏற்றுகிறோம். அச்சு சின்னதாக இருந்தால் தோட்டா மெலிந்துவிடும். சுடும்போது நெருப்பு அதன் ஓரமாகப் புகுந்து ஈயத்தை வழித்துக் குழலில் அப்பிவிடும். அப்புறம் நீங்கள் எந்த மெழுகை மாற்றினாலும் பிரயோஜனமில்லை. அளவு சரியாக இருந்தால் சுட்ட பிறகு குழலின் வாயில் மெழுகு பூப்போல விரிந்திருக்கும். நாங்கள் அதை நட்சத்திரம் என்போம். அதைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ஆர்வின் டட்டிலுக்கு அந்த நட்சத்திரம் நெடுநாள் வரவில்லை. அதைப் பற்றிக் கேட்கத்தானே என்னை இங்கே அழைத்து வந்திருக்கிறீர்கள்.

ஆர்வின் எனக்கு எதிர்வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் மனைவி முன்பே போய்விட்டாள், பிறகு என் மார்வாவும் போனாள். அதற்குப் பிறகு காலையில் அவன் வீட்டுக் காபிதான் எனக்கு. எங்கள் ஐடஹோ மலைகளில் பனி விழ ஆரம்பித்தால் சாலையில் பனி தள்ளும் கலப்பை வண்டியைத் தவிர எதுவும் வராது. பேச ஓர் ஆள் இல்லாத குளிர்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் விரலில் மோதிரம் இருந்த தடம் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் காபி ஊற்றிக்கொண்டே அவன் சொன்னான்.

“ஷெரில் எனக்குன்னு தனியா ரூம் கட்டியிருக்காளாம்டா. அரிசோனா வந்துடுங்கப்பான்னு ஒரே பிடிவாதம்.”

“போகப் போறியா?”

“போகாம? உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு எத்தனை நாள் இருக்கறது?” என்று சிரித்தான். பிறகு சுவரில் மாட்டியிருந்த அவன் அப்பாவின் பழைய லீவர் துப்பாக்கியைக் காட்டினான். “இதைப் பேரனுக்குக் குடுக்கணும். ஆனா இது சுடற லட்சணத்துக்கு, எதிர்ல நிக்கற மாட்டு மேலகூடப் படாது. நீதான் ஒரு வழி சொல்லணும். காபி டப்பா மூடிக்குள்ள அஞ்சு குண்டு விழட்டும், மறுநாளே வீட்டை விக்கப் போட்டுடறேன்.”

இந்தப் பக்கத்து ஆட்களை உங்களுக்குத் தெரியும். சரியாகச் சுடாத துப்பாக்கியை ஒருவன் மகனுக்கோ பேரனுக்கோ கொடுக்க மாட்டான். இறுகாத கையால் கை குலுக்குவதைப் போல அது.

அன்று மத்தியானமே அவன் வீட்டு நிலவறையில் குழலை அளந்தோம். மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குழலில் அடித்து இறக்கி, மறுபுறம் வந்ததை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். ஆர்வினுக்குக் கண்ணில் புரை. அந்தப் பொடிக் கோடுகள் அவனுக்குத் தெரியாது.

“என்னடா சொல்லுது?” என்றான்.

புத்தகத்தில் போட்டிருப்பதை விட அந்தக் குழல் கொஞ்சம் அகலம். அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பலவும் அப்படித்தான். ஒரு பெரிய அச்சு வாங்கினால் போதும், அந்த வாரமே நட்சத்திரம் வந்திருக்கும். நான் புத்தகத்தில் இருந்த எண்ணைச் சொன்னேன்.

“உன் அச்சு சரியாத்தான் இருக்கு. மெழுகுதான் கோளாறு,” என்றேன்.

நான் செய்த தப்பு என்று எதையாவது எழுதிக்கொள்ள வேண்டுமானால் அதை எழுதிக்கொள்ளுங்கள். நண்பனிடம் ஒரு பொய். இன்னும் ஒரு குளிர்காலம் அவன் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அதன் பிறகு எங்களுக்கு நல்ல காலம். தேன்மெழுகோடு ஆட்டுக்கொழுப்பு கலந்து பார்த்தோம், பிறகு மெழுகுவர்த்தியும் கிரீஸும் கலந்தோம். ஈயத்தில் வெள்ளீயம் கூட்டினோம், குறைத்தோம். சனிக்கிழமை மைதானத்துக்குப் போய்ச் சுடுவான், குழலுக்குள் வெள்ளி வெள்ளியாக ஈயம் அப்பியிருக்கும், முணுமுணுத்துக்கொண்டே செம்புக் கம்பியால் சுரண்டுவான். மிச்சத் தோட்டாக்கள் எல்லாம் மறுபடி சட்டிக்குள் போகும். மறுபடி உருக்குவான். எங்கள் தொழிலில் எதுவும் வீணாவதில்லை.

நிலவறையில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. வார்க்கும்போது ஆர்வின் அதைத் திறந்து வைப்பான். நான்தான் மூடச் சொன்னேன்.

“காத்து பட்டா வார்ப்பச்சு ஆறிடும்டா. அதான் குண்டெல்லாம் சுருக்கம் விழுது பாரு.”

அது பொய் இல்லை. குளிர்ந்த வார்ப்பச்சில் தோட்டா சுருக்கம் விழும். வார்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவனும் அதை நம்பி, இடுக்கில் பழந்துணி வைத்து அடைத்தான். சட்டிக்குப் பக்கத்திலேயே காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு, ஈயக் கசடு வழித்த கையோடு சாண்ட்விச் தின்பான். மேசையில் படிந்த சாம்பலைத் துடைப்பத்தால் தட்டிவிடுவான். நான் படிக்கட்டின் மேல்படியில், திறந்த கதவருகே உட்கார்ந்திருப்பேன். எனக்கும் ஒரு சாண்ட்விச் நீட்டுவான். வயிறு சரியில்லை என்பேன். வீட்டுக்குப் போனதும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையைக் கொல்லைப்புறத்திலேயே கழற்றிப் போடுவேன்.

நீங்கள் அதைக் கவனித்துவிட்டீர்கள். பரவாயில்லை. நான் வாலிபத்தில் ஈயம் உருக்கும் ஆலையில் வேலை பார்த்தவன். சாப்பிடும் முன் கை கழுவு, உலையருகே கோப்பை வைக்காதே, ஜன்னலை மூடாதே என்று அங்கே முதல் நாளே சொல்லித் தந்தார்கள். கேட்காதவர்கள் உடம்பில் ஈயம் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவார்கள். பிறகு பெயர்கள் மறக்கும், கோபம் வரும். பிறகு மணிக்கட்டு தொங்கும்.

ஆர்வினின் மணிக்கட்டு பனி உருகுவதற்குள் தொங்கிவிட்டது. கோப்பையைத் தூக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன். கறி வேகவைத்துக் கொடுத்தேன், சவரம் செய்துவிட்டேன். மார்வாவுக்குக்கூட நான் அவ்வளவு செய்ததில்லை.

ஷெரில் எனக்குப் போன் செய்தாள். “அப்பா பேச்சு குழறுது, லைல். குடிக்க ஆரம்பிச்சுட்டாரா? எனக்குப் பயமா இருக்கு.”

“வயசும்மா. நான் பக்கத்துல இருக்கேன்ல,” என்றேன். அவள் அழுதுகொண்டே நன்றி சொன்னாள்.

மருத்துவரிடமும் நான்தான் அழைத்துப் போனேன். என்ன தொழில் செய்தார் என்று அவர் கேட்டார். பேருந்து ஓட்டினார் என்றேன். அதுவும் உண்மைதான்.

எல்லாம் கெட்டது ஏப்ரலில். ஆர்வினின் கைக்கு அளவாக்கும் அச்சின் நெம்புகோலை அழுத்தப் பலமில்லை. நான் ஊருக்குள் மளிகை வாங்கப் போயிருந்த நேரத்தில், பொறுமையில்லாமல், வார்த்த தோட்டாக்களை அளவாக்காமலே மெழுகில் முக்கி நிரப்பிவிட்டான். தடித்த தோட்டாக்கள். பின்முற்றத்தில் மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டிருக்கிறான். நான் வண்டியை நிறுத்தும்போது காபி டப்பா மூடியைத் தொங்கும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஐந்து ஓட்டைகளும் அதற்குள் இருந்தன.

“லைல், வாய்ல பாருடா. நட்சத்திரம்.” அழுதான் கிழவன். “அச்சுதாண்டா சின்னது. நீ அளந்தியே, எப்படிடா தப்பாச்சு?”

“எனக்கும் கண்ணு மங்கிடுச்சு போல,” என்றேன்.

“உன் மேல கோவமில்லடா. போட்டும். ஷெரிலுக்குப் போன் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழமை வந்து கூட்டிக்கிட்டுப் போறா. நீயும் வந்துடேன். அங்க பனியே கெடையாது.”

அவன் அப்படிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பேரனுக்கு ஒரு பெட்டி தோட்டா வார்த்துத் தர வேண்டும் என்றான். சட்டி நிறைய உருக்கு என்றேன். அவனால் முடியாது என்பதால் நானே ஈயக்கட்டிகளைத் தூக்கிப் போட்டேன். ஜன்னல் துணியைச் சரிபார்த்தேன். பிறகு என் படியில் போய் உட்கார்ந்தேன். அவன் பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவன், பாதி வார்த்தையில் நின்றான். கரண்டி விழுந்தது. வலிப்பு வந்து தரையில் விழுந்தான்.

சமையலறையில் தொலைபேசி இருந்தது. என் கைக்கெட்டும் தூரம்தான். நான் யோசித்துப் பார்த்தேன், சார்ஜென்ட். ஆம்புலன்ஸ் வந்தால் ஸ்போகேன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். அங்கே ரத்தத்தைச் சோதிப்பார்கள், ஒருவேளை தேற்றியும் விடுவார்கள். அங்கிருந்து ஷெரில் அவனை நேராக அரிசோனாவுக்குக் கொண்டுபோயிருப்பாள்.

அதனால் இறங்கிப்போய்ச் சட்டியை அணைத்தேன். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு நிற்கும் வரை கையைப் பிடித்திருந்தேன். அவன் தனியாகச் சாகவில்லை என்பதை ஷெரிலிடம் சொல்லுங்கள். இப்போது மேட்டுக் கல்லறையில் இருக்கிறான், என் சமையலறையிலிருந்து பார்த்தால் தெரிகிறது. காலையில் காபியை அங்கேதான் எடுத்துக்கொண்டு போகிறேன்.

கொன்றதாக எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் அவனுக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை.

உங்கள் துப்பாக்கி விஷயத்துக்கு வருவோம். கேட்டுவிட்டுப் பாதியில் விட்டுவிட்டோம். நீங்களும் தனியாகத்தான் இருக்கிறீர்கள், என்னை வீட்டுக்கு அனுப்பினால் ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வாருங்கள். மெழுகைக் குறை சொல்லாதீர்கள், நானே குழலை அளந்து சொல்கிறேன். அதுவரை வார்ப்பதை நிறுத்த வேண்டாம். ஜன்னலை மட்டும் மூடி வையுங்கள், வார்ப்பச்சு ஆறிவிடும்.