ஆறு மில்லிமீற்றர் துளை

தேநீருக்குச் சீனி ஒரு கரண்டி கூடிப்போயிற்று, மகள். குறையாகச் சொல்லவில்லை. பொலிஸ் நிலையத்தில் தேநீர் தருவார்கள் என்று நினைத்து நான் வரவில்லை.

பெயர் அருமைநாயகம். வயது அறுபத்துநாலு. சித்தாண்டி, இரண்டாம் ஒழுங்கை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வாய்க்கால் கதவுகளைத் திறந்து மூடி, தண்ணீர் மட்டத்தைக் காலையும் மாலையும் எழுதி வைத்தவன். பென்சனில் வந்த பிறகு எழுதுவதற்குத் தண்ணீர் இல்லை. அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு ரதீஸ் மோட்டார் சைக்கிள் வாங்கினான்.

ரதீஸ் கெட்ட பிள்ளை அல்ல. வந்தாறுமூலை கம்பஸ் நூலகத்தில் வேலை. ஆனால் கம்பனி போட்ட சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒரு தடித்த குழாயை மாட்டியிருந்தான். காலை ஆறு பத்துக்கு அவன் புறப்பட்டால் என் அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நான் கோபப்படவில்லை. பொலிசுக்கு எழுதினேன். இரண்டு வருடத்தில் நாற்பத்தேழு கடிதங்கள். திகதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பது வரை எழுதினேன். ஒரு தடவை பதில் வந்தது, கடிதம் கிடைத்ததாக.

இந்த வருடம்தான் கொழும்பிலிருந்து கட்டளை வந்து, சத்தத்தை அளக்கும் கருவியும் வந்து, சார்ஜன்ட் உதயரூபனைப் பொறுப்பாகப் போட்டார்கள். நல்ல மனிதர். என் வீட்டுக்கே வந்து விசாரித்தார். அடுத்த நாளே சந்தியில் ரதீஸை மறித்து, அந்தக் குழாயைக் கழற்ற வைத்தார். பின்னேரம் ரதீஸ் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என் படலையடிக்கு வந்தான்.

"பெரியப்பா, பழைய சைலன்சரையே போட்டுட்டன். இனி உங்களுக்குக் கரைச்சல் இரிக்காது. இவ்வளவு நாளும் குடுத்த தொந்தரவுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க."

"சந்தோசம் மனே," என்றேன்.

மறுநாள் காலை ஆறு பத்துக்குக் கொப்பியும் பேனையுமாகப் படலையில் நின்றேன். அவன் போனான். சத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. திகதியை எழுதி, நேரத்தை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். பத்து நாள் பத்துக் கோடு. பழம் இனிப்பாகத்தான் இருந்தது.

பதினோராம் நாள் என் ஸ்கூட்டரில் சந்திக்குப் போனேன். உதயரூபன் உச்சி வெயிலில் கருவியைக் கையில் பிடித்தபடி நின்றார். தொப்பிக்குக் கீழே வியர்வை ஓடியது.

"ஒண்டும் ஆப்பிடுதில்ல ஐயா," என்றார். "எல்லாரும் திருந்திட்டானுகள். மேலிடத்தில இருந்து ஒவ்வொரு நாளும் எத்தின பேரப் பிடிச்ச எண்டு கேக்கிறாங்க. நான் எங்க போய்ப் பிடிக்கிற?"

எனக்குப் பாவமாக இருந்தது. யோசித்துப் பாருங்கள், மகள். சட்டம் இருந்தது. கருவி இருந்தது. உழைக்க ஓர் உத்தியோகத்தர் இருந்தார். முறைப்பாடு எழுத நானும் இருந்தேன். குற்றம் ஒன்றுதான் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் யாராவது போய்க் கதவைத் திறக்கத்தானே வேண்டும்.

திணைக்களத்தில் இருந்தபோது வாங்கிய கைத்துளைப்பான் ஒன்று வீட்டில் கிடந்தது. ஆறு மில்லிமீற்றர் துளை போடும் அலகை மாட்டினேன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒழுங்கையே உறங்கும். ரதீஸுக்கு அன்று லீவு, அவனுடைய மோட்டார் சைக்கிள் முருங்கை மரத்துக்குக் கீழே நின்றது. இரும்பில் அலகு கிறீச்சிடும் என்பதால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். அயலவர் தூக்கத்தைக் கெடுக்கிற ஆள் நான் அல்ல.

அடுத்த நாள் காலையில் அவன் புறப்பட்ட சத்தத்தை முன்னைய சத்தத்தோடு ஒப்பிடவே முடியாது. நிறுத்திவிட்டு இறங்கி, குனிந்து பார்த்தான். துளை அடிப்பக்கம் என்பதால் தெரியவில்லை. சந்தியில் உதயரூபன் பிடித்துக்கொண்டார். நான் நாற்பத்தெட்டாவது கடிதத்தை எழுதினேன். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

ஆனால் ஒருவனை மட்டும் பிடித்தால் பழிவாங்குகிறார்கள் என்று சனம் கதைக்கும். அதனால் மற்றவர்களுடையதையும் பார்க்க வேண்டியிருந்தது. கோயிலில் மத்தியானப் பூசை நீளும்போது வெளியே வண்டிகள் வரிசையாக நிற்கும். கோயில் வளவு என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் செய்தேன். சைலன்சர் ஆறும்வரை பொறுக்க வேண்டும், அந்த நேரத்தில் தேவாரம் கேட்பேன். வீடு வீடாகப் பிள்ளைகளைப் பார்க்க வரும் குடும்பநல மிஸ்ஸின் ஸ்கூட்டரையும் விடவில்லை. அவர் வருவது இரண்டு ஒழுங்கைக்கு முன்னமே கேட்பதால், தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிறை பார்க்கத் தயாராக நின்றார்கள். பிள்ளைகள் எல்லாம் விழித்து அழுதுகொண்டிருந்தன என்பது வேறு விஷயம்.

என் மனைவி இரத்தினம்மாவுக்குத்தான் சத்தம் தாங்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு மட்டக்களப்பில் எங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அதையும் அந்த வாரக் கடிதத்தில் சேர்த்தேன். குடும்பம் பிரிந்தது என்று எழுதினால் முறைப்பாட்டுக்கு ஒரு கனம் வரும்.

ரதீஸை மூன்றாம் முறை பிடித்ததோடு வண்டியையும் நிலையத்தில் வைத்துக்கொண்டார்கள். அவனுக்குப் பேசியிருந்த மேனுகாவின் தகப்பன், பொலிசுக்கு அலைகிறவனுக்குப் பெண்ணில்லை என்று சொல்லிவிட்டாராம். ரதீஸ் என்னிடம் வந்து அழுதான். "சத்தியமா நான் ஒண்டும் செய்யல்ல பெரியப்பா, நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டான். நம்புகிறேன் என்றேன். அது பொய் இல்லை. அவனை என்னைப்போல நம்பியவர் ஊரில் வேறு யார்?

உதயரூபனுக்கோ அந்த மாதம் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. பிறகுதான் அந்தக் கட்டாயப் பரிசோதனை நாள் வந்தது. பிரிவிலுள்ள மோட்டார் சைக்கிள் எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அந்த ஒலிபெருக்கி பற்றியும் எழுதினேன். அப்போது எனக்கு ஒரு கவலை வந்தது. ஊரிலுள்ள வண்டியெல்லாம் கத்த, பிடிக்கிறவருடைய வண்டி மட்டும் சத்தமில்லாமல் வந்தால் சனம் அவரையல்லவா சந்தேகிக்கும். அவர் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று, பரிசோதனைக்கு முதல் நாள் ஒரு சட்டித் தயிரோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"இரிங்க ஐயா, ஒரு வாளி அள்ளி ஊத்திட்டு வாறன்," என்று கிணற்றடிக்குப் போனார். நல்ல மனிதர், நன்றாகத் தேய்த்துக் குளிப்பார். எனக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

மறுநாள் மைதானத்தில் கண்டதை நீங்கள் அறிக்கையில் வாசித்திருப்பீர்கள். முப்பத்தேழு வண்டி தவறியது. சனம் கத்தத் தொடங்கியதும் நிலையப் பொறுப்பதிகாரி பெரிய ஐயா, "முதல்ல எங்கட ஆளின்ட வண்டிய வெச்சுக் காட்டுங்க, சட்டம் எல்லாருக்கும் ஒண்டு," என்றார். உதயரூபன் சிரித்துக்கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணினார். கருவியின் முள் போன இடத்துக்கு அதில் இலக்கமே இல்லை. மைதானத்து மரத்திலிருந்த காகமெல்லாம் எழும்பிற்று. ஆட்கள் விசிலடித்தார்கள். அவர் வண்டியிலிருந்து இறங்கவில்லை, நிறுத்தவும் தோன்றாமல் அதன் மேலேயே இருந்தார்.

அவரை மன்னார்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். சாமான் ஏற்றும்போது நான் போயிருந்தேன். அவருடைய பெண்பிள்ளை பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு லொறிக்குள் முன்னாலேயே ஏறி இருந்தது. அவர் என் கையைப் பிடித்து, "ஆரு ஐயா எனக்கு இந்த வேலையப் பாத்த?" என்றார். அவருக்கு நீதி வாங்கிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தேன்.

அதற்காகத்தான் உங்களுக்கு அந்தப் பதினொரு பக்கக் கடிதத்தை எழுதினேன். இந்தப் பகுதியில் யாரோ சைலன்சர்களில் துளையிட்டுத் திரிகிறார், பொலிஸ் கவனிக்கவில்லை, நேர்மையான ஓர் உத்தியோகத்தர் பலியாகிவிட்டார் என்று. நான் எழுதிய முறைப்பாடுகளில் அதுதான் சிறந்தது. நீங்கள் இங்கே மாறி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேற்றுத் தொலைபேசியில், "நான் எஸ்.ஐ. அஸ்மியா கதைக்கிறன் ஐயா. உங்கட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன்," என்றீர்கள்.

ரெண்டு தரம். நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை கடிதத்துக்கும் அப்படி ஒரு சொல் யாரும் சொன்னதில்லை.

"துளை ஆறு மில்லிமீற்றர், ரெண்டாவது வெல்டிங்குக்குக் கீழ, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு எண்டெல்லாம் எழுதியிரிக்கீங்க. இது ஒண்டும் எங்கட அறிக்கையிலயே இல்லையே ஐயா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டீர்கள்.

வேறு யாராவது என்றால் மறைத்திருப்பேன். இவ்வளவு கவனமாக வாசித்த பிள்ளைக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் கைத்துளைப்பானையும் எண்ணெய்ப் போத்தலையும் நானே கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ரதீஸுடையது, மிஸ்ஸுடையது, கோயிலடியில் நின்றவை, உதயரூபனுடையது, எல்லாம் நான் செய்தவை. யாரும் தூண்டவில்லை. யார் மீதும் எனக்குப் பகையும் இல்லை. "சத்தம்" என்பதற்கு நீங்கள் ஒரு "த்" விட்டுவிட்டீர்கள், அதைத் திருத்தினால் கையெழுத்து வைக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? இரண்டாம் ஒழுங்கையில் என் ஸ்கூட்டரில் மட்டும் ஏன் துளை இல்லை என்றா?

என்ன கேள்வி இது, மகள். எனக்குத்தான் சத்தம் ஆகவே ஆகாதே.