தம்பி பேரில் ஒரு சிம் கார்டு

இரட்டைப் பிள்ளையாகப் பிறந்ததில் ஒரு சௌகரியம் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. பள்ளிக்கூடத்தில் எனக்கு விழவேண்டிய அடியில் பாதிதான் விழுந்தது. மீதியை என் தம்பி இசக்கிப்பாண்டி வாங்கிக்கொண்டான். வாத்தியாருக்கு ஆள் தெரியாது. அவனுக்குக் காட்டிக்கொடுக்கத் தெரியாது.

நாங்குநேரியில் பூக்கடை வைத்திருந்த சுடலைவடிவு பேர் கேட்டபோது என் வாயில் வந்ததும் அவன் பேர்தான். எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்; பூதப்பாண்டி என்கிற என் பேரைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. அவளோடு பேசிய சிம் கார்டும் தம்பியின் ஆதாரில் வாங்கியதுதான். கேட்டால் கொடுத்துவிடுவான். எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

மகன் பிறந்ததும் அவள் பாளையங்கோட்டைக் கோர்ட்டுக்குப் போனாள். தம்பிக்கு ரத்தம் எடுத்தார்கள். அவன்தான் தகப்பன் என்று டி.என்.ஏ. சொன்னது. சோதனையைக் குறை சொல்ல முடியாது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் நாங்கள். யார் ரத்தத்தை எடுத்திருந்தாலும் அது அதையேதான் சொல்லியிருக்கும். தம்பியின் வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூண்டில் ஏற்றினார். நாங்குநேரியில் பஸ் நிற்கும், நான் இறங்கியதில்லை என்றேன். சுடலைவடிவு பாவம், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இசக்கிப்பாண்டி என்று பேருள்ளவனைக் கை காட்டினாள்.

தம்பி அந்த நாளில் கொஞ்சம் குடிப்பான். தீர்ப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் கேட்டான்.

"ஏலே, போதையில நானே போயிருப்பனோ? எனக்கு ஒண்ணும் ஞாவகம் இல்லியே."

"போயிருப்பலே," என்றேன். "மனசப் போட்டு அலட்டாத."

நான் சொன்னால் நம்புவான். நம்பியதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் திருப்தியாக இருந்தது.

நான் யோசிக்காமல் விட்டது முத்துராணியை. தம்பி பெண்டாட்டி. ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லை. குறை யாரிடம் என்று அதுவரை யாரும் பேசியதில்லை. இப்போது கோர்ட்டே சொல்லிவிட்டது என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடப் பேசினார்கள். ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அத்தான், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தப் புள்ள அவுகளுக்குத்தானா?"

தம்பிக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். ஆளுக்கு ஒன்று பேசுவது எனக்குப் பிடிக்காது. மூன்றாம் நாள் குறுக்குத்துறைக்குக் கீழே ஆற்றில் அவளை எடுத்தார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பெண்.

தம்பி அதோடு குடியை விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பையனைக் கூட்டிவந்து வைத்துக்கொள்கிறான். அவனுக்குச் சோறு ஊட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது இரட்டையரையும் பிரித்துச் சொல்லும் புதுச் சோதனை வந்திருக்கிறதாம். முத்துராணியின் அண்ணன் தேவேந்திரன் மனுப் போட, நீங்களும் என் வாயில் எச்சில் எடுக்கக் குச்சியோடு வந்திருக்கிறீர்கள். குச்சி வேண்டாம். வாயைத் திறப்பதானால் இதற்கே திறக்கிறேன். தகப்பன் நான். கூண்டில் பொய் சொன்னது நான். முத்துராணி கேட்டு வந்தபோது, உண்மை தெரிந்தே அவளைத் திருப்பி அனுப்பியதும் நான்.

தம்பியிடம் மட்டும் பைய எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தவன் நான். கோபம் வந்தால் அவன் அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.